இராசீவ் காந்தி சாலை
இராசீவ் காந்தி சாலை என்பது சென்னையில் மத்திய கைலாசத்திலிருந்து தெற்கே சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கி.மீ. நீளமுள்ள ஆறு வழிச்சாலை ஆகும். பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) என்ற பெயரே மக்கள் வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் இவ்வழியில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. குறுகிய பழைய சாலை நெரிசலைத் தாங்காமையால் விரிவாக்கப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமொன்று இதனைப் பராமரித்து, முதலீட்டை மீட்கச் சுங்கம் வசூலித்தது.

விரைவுச்சாலை எனப்பட்டாலும் இது ஊர்களுக்கு வெளியே ஒதுங்கிச் செல்வதன்று. கடைகள், பள்ளிகள், போக்குவரத்து விளக்குகள் ஆகியவற்றினூடே செல்கின்றது. இணைப்புச் சாலைகளிலும் சாவடிகள் அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே தொலைதூரப் பயணிகள் மட்டுமன்றி, அடுத்த ஊருக்குச் செல்லும் உள்ளூர் மக்களும் கட்டணம் செலுத்த நேர்ந்தது. சுங்கத்திற்கு எதிர்ப்பு எழுந்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மாதவரம்–சிறுசேரி மெட்ரோ இரயில் வழித்தடப் பணிகளால் சாலையின் அகலம் குறைந்தது. இதனையொட்டி 2021 ஆகத்து 30 முதல் பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம் இணைப்பு, அக்கரை ஆகிய நான்கு சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய நாவலூர்ச் சாவடியிலும் 2023 அக்டோபர் 19 முதல் வசூல் கைவிடப்பட்டது.