சக்கரம் இல்லாத எலி

எங்கள் அப்பாவுக்கு 1989-ல் வயிற்றுப் புண் வந்தது. மிளகாய்தான் காரணம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. என் தீர்ப்பு வேறு. அப்பா குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் அந்த வருஷம் முழுவதும் மாற்றல் உத்தரவு வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எந்த ஊருக்கு, எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்தால் அப்பாவின் கை தானாக வயிற்றுக்குப் போகும்.

கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு காரணம் அகப்பட்டால் விடுவானா? அதற்குச் சாட்சி தேடித்தான் ஹான்ஸ் ஸெல்யேயின் எலிகளிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஸெல்யே 1907-ல் வியன்னாவில் பிறந்தவர். பிராகு நகரில் வைத்தியம் படித்தார். அங்கே பேராசிரியர் நோயாளிகளை ஒவ்வொருவராகக் காட்டி, இந்த வியாதிக்கு இந்த அடையாளம், அந்த வியாதிக்கு அந்த அடையாளம் என்று விளக்குவார். இந்தப் பிள்ளைக்கு வேறொன்று கண்ணில் பட்டது. வியாதி எதுவானாலும் எல்லாருக்கும் நாக்கில் மாவு படிந்திருக்கிறது, உடம்பு வலிக்கிறது, சோறு வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலே நோயாளி என்று தெரிகிறதே, அது ஏன்? அந்தக் கேள்வியை யாரும் சட்டை செய்யவில்லை. அவரும் மறந்துபோனார்.

பத்து வருஷம் கழித்து, கனடாவில் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில், பெண்மைக்குரிய புது ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையோடு உட்கார்ந்திருந்தார். பசுக்களின் கருப்பையண்டத்திலிருந்து சாறு எடுத்து எலிகளுக்கு ஊசி போட்டார். அறுத்துப் பார்த்தால் மூன்று மாறுதல்கள். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுருங்கியிருந்தது. இரைப்பையில் ரத்தம் கசியும் புண்கள். கிடைத்துவிட்டது ஹார்மோன் என்று துள்ளினார். ஆனால் நஞ்சுக்கொடியின் சாற்றைப் போட்டாலும் அதே மூன்று; பிட்யூட்டரிச் சாற்றுக்கும் அதே மூன்று; கடைசியில் சிறுநீரகச் சாற்றுக்கும்! சாறு அழுக்காக இருக்க இருக்கப் பலன் அதிகம். சந்தேகம் வந்து, பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பலன் ஜாஸ்தி.

ஹார்மோன் கனவு போயிற்று. அந்த நாட்களில் அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எழுதின நாவலை அடுப்பில் போட்டவனுக்கு அந்த வேதனை புரியும். ஆனால் அந்தச் சோர்வில்தான் பிராகு நகரத்து நோயாளிகள் அவர் ஞாபகத்துக்கு வந்தார்கள். தீங்கு எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது! குளிரில் வைத்தார், ஓட ஓட விரட்டினார், கத்தி வைத்தார், மருந்துகள் கொடுத்தார். அதே மூன்றுதான். 1936 ஜூலை 4-ந் தேதி ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு சிறு கடிதமாக இதை வெளியிட்டார். முதல் 6 மணியிலிருந்து 48 மணிக்குள் உடம்பு அலறுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, தொல்லை நீடித்தால் ஒன்று முதல் மூன்று மாதத்தில் ஓய்ந்து விழுகிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயர் இதற்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் இன்னும் நன்றாக வந்திருந்தால் ‘ஸ்ட்ரெயின்’ என்று வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இதுவரை உடம்பின் கதை. எலிக்கு மூளை என்று ஒன்று இருப்பதை ஸெல்யே அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பது என் குறை. அதைப் பொருட்படுத்தியவர்கள் நியூயார்க்கில், ராக்பெல்லர் சர்வகலாசாலையில் இருந்தார்கள். புரூஸ் மக்யூவன், ஜே வைஸ் முதலியோர் 1968-ல் ஒரு விஷயம் கண்டார்கள். அட்ரினல் சுரக்கும் ரசம் ரத்தத்தோடு மூளைக்குப் போய், ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தங்குகிறது. அதாவது, உடம்பு பட்ட பாடு மூளைக்கும் போய்ச் சேருகிறது.

அந்த வைஸ் தனியே செய்த பரிசோதனைதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்சாரக் கம்பி இணைப்பு. அதிர்ச்சி இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நொடி. ஒன்றின் முன்னால் ஒரு சிறு சக்கரம். அதைச் சுழற்றினால் இரண்டுக்குமே மின்சாரம் நின்றுவிடும். இன்னொன்றின் முன்னாலும் சக்கரம் உண்டு. ஆனால் அதைச் சுழற்றிப் பயனில்லை. புண் அதிகம் வந்தது இந்த இரண்டாவதற்கு. மற்றொரு பரிசோதனையில், அதிர்ச்சிக்கு முன்னால் ஒலி எழுப்பி எச்சரித்த எலிகளுக்குப் புண் குறைவு. எப்போது வரும் என்று தெரியாமல் கிடந்தவற்றுக்கு அதிகம். மின்சாரம் என்னவோ இரண்டுக்கும் சமம்தான்.

அப்பாவுக்கு மணியும் இல்லை, சக்கரமும் இல்லை. என் கேஸ் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜெயிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், மனிதருடைய வயிற்றுப் புண்ணில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமியே காரணம் என்று காட்டிவிட்டார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பத்து வருஷம் மோரும் ஜெலூசிலுமாக ஓட்டியவர், இரண்டு வார மாத்திரையில் குணமானார். கவலைக்குப் பங்கே இல்லை என்று டாக்டர்கள் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆபீசை நான் கூண்டில் ஏற்ற முடியாது. கதைக்காரனுக்கு இது நஷ்டம்தான்.

போன மாதம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிருமி விவகாரத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சக்கரக் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டாவது எலி அப்புறம் என்ன ஆச்சு?”

“புண்ணை எண்ண வேண்டுமே அப்பா. அறுத்துப் பார்த்தார்கள்.”

“சக்கரம் வைத்திருந்ததே, அது?”

“அதையும்தான்.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஊறுகாய் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்.