சோடா விற்ற பையனும் ஒரு பொலிஸ் வேலையும்

விஷாலின் ‘திமிரு’ படத்தில் வில்லனாக வந்த ஐ.எம். விஜயனை எம்மில் பலர் நடிகராகத்தான் அறிவோம். அவர் இந்திய உதைபந்தாட்டம் கண்ட மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். ஆசிரியர்களாகிய நாம் அவரது கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1969ஆம் ஆண்டு கேரளாவின் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் திருச்சூர் மைதானத்தில் போட்டி நடக்கும் நாட்களில் சோடா விற்றார். ஒரு போத்தலுக்கு 10 பைசா கிடைக்கும். காற்சட்டைப் பையில் சில்லறை சேர, கண் மட்டும் பந்தின் மேலேயே இருந்திருக்கும்.

திறமை இருந்தது. ஆனால் திறமை மட்டும் வீட்டில் அடுப்பெரிக்காது. அவரது வாழ்க்கையைத் திருப்பியது கேரள பொலிஸ் அணி. 17 வயதில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை, சம்பளம், பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. வி.பி. சத்யன், பாப்பச்சன் போன்றோரும் ஆடிய அந்த அணி 1990, 1991 ஆகிய இரு வருடங்களும் தொடர்ச்சியாக ஃபெடரேஷன் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கு முன்னால் ஒரு பொலிஸ் அணி!

பிறகு அதே கல்கத்தாவின் மோகன் பகான் அவரை அழைத்தது. அங்குள்ள ரசிகர்கள் வைத்த பெயர் ‘கறுப்பு மான்’. பஞ்சாபின் ஜே.சி.டி. கழகம் 1996-97இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை வென்றபோதும் அவர் அந்த அணியில் இருந்தார். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 செக்கன்களில் கோல் போட்டார். 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆபிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கோல்களுடன் முதலிடம் பெற்று, சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு அர்ஜுனா விருது, 2025இல் பத்மஸ்ரீ.

அந்த 2025ஆம் ஆண்டிலேயே கேரள பொலிஸில் துணை கமாண்டன்ட் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பந்து கொடுத்த வேலை கடைசிவரை சோறு போட்டது.

கல்முனையிலிருந்து வினாயகபுரம் வரை எமது கரையோரத்தில் அசர் நேரம் தாண்டினால் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தடிக்காத ஊர் இல்லை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் அந்தப் பந்து மூலைக்குப் போகிறது. “விளையாடி என்னத்தக் காணப் போறாய்?” என்று வாப்பாவும் உம்மாவும் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கேட்பது பிள்ளையின் எதிர்காலத்தைத்தான்.

அதற்கு விஜயனின் வாழ்க்கையில் ஒரு பதில் உண்டு. எமது நாட்டிலும் பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்கு உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. மைதானத்தில் வேகமாக ஓடுகின்ற பிள்ளையிடமும் அவனது பெற்றோரிடமும் இந்தத் தகவலைச் சொல்லி வைப்போம். படிப்பையும் விடவேண்டாம், பந்தையும் விடவேண்டாம்.