சித்ரா இதய வால்வு: கைவிடப்பட்ட மூன்று வடிவங்கள்

ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன இந்திய நோயாளிகளில் இளவயது ஏழைகளே மிகுதி. 1970களில் அவர்களுக்குப் பொருத்த வேண்டிய செயற்கை வால்வோ விலையுயர்ந்த இறக்குமதிச் சரக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் இயக்குநரும் இதய அறுவை மருத்துவருமான எம். எஸ். வலியத்தான் அதை இங்கேயே உருவாக்க முனைந்தார். மருத்துவமனை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், பொறியாளர்களின் ஆய்வுக்கூடம் பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையிலும் இயங்கின. இந்த முயற்சி பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. ஆனால் வெற்றிக்கு முன் கைவிடப்பட்ட மூன்று வடிவங்களில்தான் ஆய்வாளருக்குச் சரக்கு அதிகம்.

வலியத்தான் குழு உருவாக்க முனைந்த சாய்தட்டு வால்வைப் பார்த்தால் எளிய பொருள்தான்: ஓர் உலோக வளையம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் தட்டு, அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகள், தையல் போடுவதற்குச் சுற்றிலும் துணிப்பட்டை. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டாலும் தட்டு ஆண்டுக்கு 3.6 கோடி முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். தாங்கி தடித்தால் உறுதி கூடும், இரத்தம் செல்லும் வழி குறுகும். இரத்தம் தேங்கும் இடத்தில் உறையும். ஆக, இயந்திரவியலார் கேட்பதைத் திரவ இயக்கவியலார் மறுப்பார். இருவரும் ஒப்பியதை மருத்துவர் மறுக்கலாம்.

முதல் வடிவத்தில் தாங்கி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. பற்றவைப்பின் வெப்பத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றிருந்தது. இது சித்ரா குழுவின் அனுபவமின்மையால் மட்டும் வந்த கோளாறு அன்று. 1979இல் சந்தைக்கு வந்த பியார்க்-ஷைலி குழிகுவி வால்விலும் பற்றவைத்த தாங்கிகள் முறிந்து நோயாளிகள் இறந்தனர்; 1986இல் அது திரும்பப் பெறப்பட்டது. திருவனந்தபுரத்தில் அந்த முறிவு நோயாளியின் உடலுக்குள் போகும் முன்பே வெளிப்பட்டுவிட்டது.

அடுத்து வந்தது தேய்மானம். இரண்டாம் வடிவத்தின் தாங்கிகள் டைட்டானியத்தால் ஆனவை. டைட்டானியம் இலேசானது, உடல் ஏற்பது, துருப்பிடிக்காதது, உரசலைத்தான் தாங்காது. தாங்கிகள் அளவுக்கு மீறித் தேய்ந்தன. வெளிநாட்டு வால்வுகளில் தட்டுக்குப் பயன்பட்ட பைரோலிட்டிக் கார்பன் தொழில்நுட்பம் இங்கே கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாகச் செயற்கை நீலக்கல் தட்டை முயன்றனர். கடினத்தில் அதை மிஞ்சுவது அரிது. ஆனால் கடினமானது உடையாது என்பதில்லையே. மூன்றாம் வடிவத்தில் அந்தத் தட்டு எதிர்பாராமல் உடைந்தது.

நான்காம் வடிவம் எதிர்த்திசையில் யோசித்ததன் விளைவு. விசையாழிகளில் பயன்படும் ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட் உலோகக்கலவையை ஒரே துண்டாகக் கடைந்து சட்டகம் செய்தனர். பற்றவைப்பே இல்லாததால் அங்கே முறிவதற்கும் இடமில்லை. தட்டுக்கு, செயற்கை இடுப்பு மூட்டில் ஏற்கெனவே பழகிய மீவுயர் மூலக்கூற்று எடைப் பாலிஎத்திலீன். மென்மையான தட்டு என்பதால் மூடும் ஓசையும் குறைந்தது. புதுப் பொருள் தேடுவதை விட்டு, வேறு துறைகள் சோதித்துப் பார்த்த பொருள்களை இணைத்ததே இதன் சிறப்பு என்பேன்.

இந்த வால்வை 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தொடர்ந்து ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் மருத்துவச் சோதனை நடந்தது. உற்பத்தியைச் சென்னையின் டிடிகே குழுமம் ஏற்றது. இந்தியாவில் இதய வால்வு மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 2005இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, எது போதுமான சோதனை என்பதையும் சோதிப்பவர்களே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.