அவையும் அச்சும்: 1894ஆம் ஆண்டின் அயர்லாந்தும் தமிழகமும்

ஒரு நாட்டின் பொதுவாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் மன்றங்களையும் மாநாடுகளையும் சட்டங்களையுமே நோக்குவர். மொழிக்காகப் பாடுபட்டோரின் பணியை இலக்கிய வரலாறு என்று தனியே ஒதுக்கிவிடுவர். இப்பகுப்பு பொருந்தாது என்பதற்கு 1894ஆம் ஆண்டு தக்க சான்றாகும். விக்டோரியா அரசியின் ஆட்சி முதிர்ந்திருந்த அவ்வாண்டில், அயர்லாந்தின் பொதுவாழ்வும் சென்னையின் பொதுவாழ்வும் ஒரு மனிதரின் வருகையால் ஒன்றையொன்று தொட்டன.

டப்ளினிலிருந்து வந்த தலைவர்

1894 திசம்பரில் இந்திய தேசியக் காங்கிரசின் பத்தாவது மாநாடு சென்னையில் கூடியது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஆல்பிரட் வெப் என்னும் அயர்லாந்தினர். மேற்கு வாட்டர்போர்டு தொகுதியிலிருந்து 1890இல் பிரிட்டானிய நாடாளுமன்றம் சென்றவர், குவேக்கர் நெறியினர். டப்ளினில் அச்சுத்தொழில் நடத்திய குடும்பத்திலே தோன்றியவர் என்பது நாம் கருதத்தக்கது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளசின் தன்வரலாற்றை 1845இல் டப்ளினில் பதிப்பித்தவர் இவருடைய தந்தையார் ரிச்சர்ட் வெப். மகனாரும் அயர்லாந்துப் பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1878இல் நூலாக வெளியிட்டார். அவைக்குத் தலைவராக வந்தவர் அச்சுக்கூடத்தின் அருமையும் அறிந்தவர் எனலாம்.

அவர் விட்டுவந்த அயர்லாந்து ஏமாற்றத்தில் ஆழ்ந்திருந்தது. பெருந்தலைவர் பார்னெல் 1891இல் மறைந்தார்; அவருடைய கட்சி பிளவுபட்டுக் கிடந்தது. கிளாட்ஸ்டன் கொணர்ந்த தன்னாட்சி மசோதா 1893 செப்டம்பரில் மக்களவையைக் கடந்தது. ஆயினும் அதே மாதத்தில் பிரபுக்கள் சபை 419 வாக்குகளுக்கு 41 என அதனை வீழ்த்தியது. 1894 மார்ச்சில் கிளாட்ஸ்டனும் பதவி விலகினார். அரசியல் கதவு அடைபட்டது.

ஆனால் பொதுவாழ்வு அடங்கிவிடவில்லை. 1893 சூலையில் டக்ளஸ் ஹைடு, ஓயின் மக்நீல் முதலிய சிலர் கூடி ஐரிய மொழியைக் காக்கக் கேலிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மொழியைப் பேசியோர் நாட்டில் ஏழில் ஒருவரே. 1894 ஏப்ரலில் உழவர் கூட்டுறவுக்கான அமைப்பு ஒன்றும், தொழிற்சங்கப் பேரவை ஒன்றும் டப்ளினில் உருவாயின. நாடாளுமன்றத்தில் இழந்த ஆண்டை மக்கள் சிறு கூட்டங்களில் மீட்டுக்கொண்டனர்.

நூலும் நூலும்

சென்னை மாநாட்டின் தீர்மானங்களுள் நம் பகுதியினர் நினைவில் வைக்கத்தக்க ஒன்று, பருத்தி வரியைக் கண்டித்ததாகும். 1894 திசம்பரில் அரசு, இறக்குமதியாகும் பருத்தித் துணிக்கு 5 விழுக்காடு சுங்கம் விதித்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் முணுமுணுக்காதிருக்க, இந்திய ஆலைகளில் நூற்கப்படும் 20 கவுண்டுக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே அளவு உற்பத்தி வரியைச் சுமத்தியது. இன்று பனியன் துணிக்குப் பயன்படும் 30, 40 கவுண்ட் நூல்களெல்லாம் அன்று அவ்வரிக்கு உட்பட்டிருக்கும். கோவையில் முதல் நூற்பாலை எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர்ப் பலவாறு மாற்றப்பட்ட இவ்வரி 1926இல்தான் முற்றும் நீங்கியது. அயர்லாந்தார்க்கும் இத்துயர் புதிதன்று. அவர்தம் கம்பளித் துணி அயல்நாடு செல்லாதவாறு 1699இலேயே ஆங்கில நாடாளுமன்றம் சட்டம் செய்திருந்தது.

மற்றொரு நூலும் அவ்வாண்டில் சென்னையில் வெளிப்பட்டது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை முதன்முதலாக அச்சிட்டு வழங்கினார். ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டும் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. பழைய உரையும் முதல் 266 பாடல்களுக்கே கிடைத்தது. சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டி, இல்லாததைத் தாமே இட்டு நிரப்பாத நேர்மை அப்பதிப்பின் தனிச்சிறப்பு.

சேராத இரண்டும் சேர்ந்த கதை

மாநாட்டு அவையில் ஆங்கிலமே பெரிதும் ஒலித்தது. 1887ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ் வினாவிடைச் சிறுநூல் ஒன்று 30,000 படிகள் பரவியதுண்டு. 1882இல் தோன்றிய சுதேசமித்திரனும் தமிழில் அரசியல் பேசியது. எனினும், கற்றோர் அவையும் பண்டைத் தமிழ் ஏடும் ஒரே நகரில் அயலார்போலவே இருந்தன. அரசனை நோக்கி வரியைப் பற்றி அறிவுரை கூறும் பாடல்களைக் கொண்ட நூல் அச்சேறிய அதே ஆண்டில், வரியைப் பற்றி வாதிட்ட அவைக்கு அந்நூல் எட்டவில்லை. இஃது ஓர் இழப்பே.

அவ்வாண்டில் பன்னிரண்டு அகவைச் சிறுவராயிருந்த பாரதியாரிடத்திலேதான் அவ்விரண்டும் கூடின. 1904இல் சுதேசமித்திரனில் பணியேற்ற அவர், அரசியலைத் தமிழ்ப் பாட்டாக்கினார். 1908இல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களை, அயர்லாந்தில் பிறந்த நிவேதிதா தேவிக்குக் காணிக்கையாக்கினார். வெப் வந்துசென்ற பதினான்கு ஆண்டுகளில் அயர்லாந்து மீண்டும் நம்மைத் தொட்டது. இம்முறை தமிழ்க் கவிதை வழியாக.

ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. ஐரிய மொழி பேசுவோரை இழந்தது. தமிழ் இழக்க இருந்தவை பழம்பெரும் நூல்கள். கேலிக் கழகத்து ஹைடு 1938இல் தம் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார்; அதனால் அம்மொழி வீடுதோறும் திரும்பிவிடவில்லை. பதவியால் மட்டும் மொழி பிழைப்பதில்லை. அதனைப் படிப்போரும் பாடுவோரும் வேண்டும்.

குன்னத்தூர் போன்ற ஊர்களில் தறியோசைக்கும் தையற்பொறிக்கும் இடையே கூடும் இலக்கிய வட்டங்களுக்கு இவ்வரலாறு ஒரு செய்தி சொல்கிறது. பத்துப்பேர் கூடிக் கவிதை படிப்பது பொதுவாழ்வுக்குப் புறம்பானதன்று. ஆனால் நூலின் விலையும் உழைப்பின் கூலியும் பேசப்படும் தெருவுக்கு அக்கவிதை எட்டவும் வேண்டும். 1894இன் சென்னை அவையும் அச்சும் அயலாராய் இருந்ததுபோல் நாமும் இருந்துவிடாதிருப்போமாக. பத்தாண்டு கண்ட வட்டம் அத்திசையில் வளர்க.