வீட்டில் ஒருவருக்கு மனநல நெருக்கடியா? தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் எங்கே போகணும்?

நாலு நாளா தூக்கமில்லை. யாரோ கொல்ல வருவதாகப் பயம். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு. இப்படி இருந்தால், தானா சரியாகிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் போன் யாருக்கு?
உயிருக்கு ஆபத்து என்றால் 108. மற்றபடி 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால், வீட்டில் இருப்பவர்களே கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

எந்த ஆஸ்பத்திரி?
தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்களுக்கு 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கு. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை நெஞ்சக நோய்களுக்கானது, அலைய வேண்டாம்.

வர மாட்டேன் என்றால்?
கட்டிப்போடுவதோ அடிப்பதோ கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உயிராபத்து போன்ற அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த டாக்டரும் அதிகபட்சம் 72 மணி நேரம் அவசர சிகிச்சை தரலாம். வீட்டார் போன்ற நியமனப் பிரதிநிதி இருந்தால், அவர் சம்மதம் வேண்டும்.

'போலீஸ் கேஸ் ஆகிடுமோ' என்ற பயமா?
தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அதே சட்டத்தின் 115-வது பிரிவு கருதச் சொல்கிறது. தண்டனைக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிளம்பும் வரை
தனியா விடாதீங்க. மாத்திரை, பூச்சிமருந்து, கத்தியை அப்புறப்படுத்துங்க. பழைய மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கோங்க.