பகுதி பகுதியாக ஓர் இலக்கணம்

1954 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலமாக்கிக் காட்டின. அதன் பின்னால் இருந்தவை 250 சொற்களும் 6 விதிகளுமே. ஆறு விதிகளைப் பிரித்து அடுக்க யாருக்கும் தோன்றாது. விதிகள் நூற்றுக்கணக்கில் பெருகிய பிறகுதான் தொல்லை தொடங்கியது: ஒன்றைத் திருத்தினால் வேறெங்கோ இன்னொன்று கெடும்.

தமிழை வைத்தே இதைப் பார்க்கலாம். 'அவன் வந்தான்' சரி, 'அவன் வந்தாள்' பிழை. இதை வெறும் தொடர் விதிகளால் சொல்வதானால் நான், நாம், நீ, நீங்கள், அவன், அவள், அவர், அது, அவை என ஒன்பதுக்கும் தனித்தனி விதி வேண்டும். 1982இல் மொழியியலாளர்களான கப்லானும் பிரெஸ்னனும் வெளியிட்ட கோட்பாடு போன்றவை இந்தச் சுமையை இறக்கின. விதி ஒன்றே, எண், பால், இடம் ஆகிய கூறுகள் சொல்லோடு பட்டியலாக வரும், எழுவாயின் பட்டியலும் வினையின் பட்டியலும் முரணாமல் பொருந்தினால் போதும். 1985இல் கஸ்டாரும் கூட்டாளிகளும், எவை சேர்ந்து தொடராகும் என்பதையும் அவை எந்த வரிசையில் நிற்கும் என்பதையும் வெவ்வேறு விதிகளாக்கினர். 'நேற்று முருகன் வந்தான்', 'முருகன் நேற்று வந்தான்' இரண்டுக்கும் அப்போது ஒரே விதி போதும்.

சொல்லுக்குள்ளும் பிரிவினை நடந்தது. பின்லாந்தின் கோஸ்கென்னியெமி 1983இல் அகராதியை ஒருபுறமும் ஒலிமாற்ற விதிகளை மறுபுறமும் வைத்தார்.

அடுத்த கட்டம் மொழிகளுக்கிடையே பகிர்வது. 1998இல் பிரான்சில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆர்னே ராந்தா தொடங்கிய முறையில் பொருளமைப்பு எல்லா மொழிக்கும் பொது. அதைச் சொல்லும் வடிவம் மட்டும் மொழிக்கு மொழி வேறு. பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் பெரும்பகுதி ஒரே நிரல். வேறுபாடுகள் மட்டும் தனிக் கோப்பில். 2002இல் பெண்டர், ஃபிளிக்கிங்கர், ஊப்பன் மூவரும் முன்வைத்த 'கிராமர் மேட்ரிக்ஸ்' என்ற பொது இலக்கண அடித்தளம் வேறு வழியில் சென்றது. பின்னாளில் அதில் ஒரு கேள்வித்தாளும் சேர்ந்தது: வினை எங்கே வரும், வேற்றுமை உருபு உண்டா என்று நிரப்பினால் தொடக்க இலக்கணம் கைக்கு வரும்.

ஆனால் பகுதிகளுக்கிடையே எழுப்பிய இந்தச் சுவர்கள் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. 'அவனும் அவளும் வந்தார்கள்' என்பதில் இரு ஒருமைகள் சேர்ந்து பன்மையாகின்றன. ஆண்பாலும் பெண்பாலும் பலர்பாலாகின்றன. இப்படி 'உம்' கொண்டு இணைக்கும் எண்ணும்மைக்கு எத்தனை ஒழுங்காகத் தனிக் கோப்பு போட்டாலும், அதை எழுதுபவர் பெயர்த்தொடர் கோப்பையும் வினை இயைபுக் கோப்பையும் திறந்தே ஆக வேண்டும்.