மாலைக் கூட்டத்திற்கு யார் வரலாம்? - குர்ட் லெவினும் 'மாற்ற முகாமைத்துவமும்'

மேற்கு நாடுகளில் ஒரு தொழிற்சாலையிலோ வைத்தியசாலையிலோ மாநகரசபை அலுவலகத்திலோ வேலைசெய்யும் எம்மவரில் பலர் ஒரு தடவையாவது இத்தகைய வகுப்பொன்றில் இருந்திருப்பர். கதிரைகளை வட்டமாகப் போட்டு, சுவரில் பெரிய தாள்களை ஒட்டி, 'மாற்றம்', 'பன்முகத்தன்மை', 'கூட்டுச் செயற்பாடு' என்று எழுதுவார்கள். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் எல்லோரையும் பேசச் சொல்வார். மதியச் சாப்பாடு இலவசம். அடுத்த மாதம் ஆட்குறைப்பு அறிவித்தல் வரும். ஆகவே இதனை முதலாளித்துவத்தின் இன்னொரு தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது எமக்கு இலகு. நானும் நீண்டகாலம் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன். ஆனால் இத்தொழிலின் தொடக்கத்தைத் தேடிப்போனால் அங்கே நிற்பவர் ஒரு அகதி.

குர்ட் லெவின் 1890இல் மொகில்னோ என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று பிரஷ்யாவுக்குள் இருந்த அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. முதலாம் உலகப்போரில் ஜேர்மன் இராணுவத்தில் போரிட்டுக் காயமடைந்தார். பின்னர் பேர்லினில் உளவியல் கற்பித்தார். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்தற் கடிகாரத்தால் அளந்த ரெய்லர் முறை பற்றி 1920இல் அவர் எழுதிய சிறுநூல், மார்க்சியரான கார்ல் கோர்ஷ் நடத்திய வரிசையொன்றில் வெளிவந்தது. உற்பத்தித்திறன் மட்டும் அளவுகோலாகாது, வேலை செய்பவனின் வாழ்வுக்கும் அவ்வேலை பெறுமதி தரவேண்டும் என்பதே அதன் சாரம். இன்றைய முகாமைத்துவப் பாடநூல்களில் இந்த லெவினைக் காண்பது அரிது.

1933இல் நாசிகள் யூத அரச ஊழியர்களை விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, போர்முனையில் நின்றவர்களுக்கு அதில் விலக்களிக்கப்பட்டிருந்தது. அந்தச் சலுகையில் தங்கியிருக்க லெவின் விரும்பவில்லை. அமெரிக்கா சென்றார். தாயாரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவர் நாசிகளின் வதைமுகாமொன்றில் கொல்லப்பட்டார்.

சர்வாதிகாரம் ஒரு குழுவுக்குள் எப்படி இயங்குகிறது என்ற கேள்வி இத்தகைய ஒருவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. அயோவாவில் லிப்பிற், வைற் ஆகியோருடன் சேர்ந்து பத்து வயதுச் சிறுவர்களின் பொழுதுபோக்குக் குழுக்களை அவர் ஆராய்ந்தார். கட்டளையிடும் தலைவர், கலந்துபேசும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என மூன்று வகை. இதில் மூன்றாவது வகை முதலில் திட்டமிடப்படவில்லை. ஜனநாயகத் தலைவராக நடிக்க வேண்டிய வைற் பிள்ளைகளை வெறுமனே விட்டுவிட்டார். அது ஜனநாயகமல்ல, வேறொன்று என்று கண்ட லெவின் அதனைத் தனி வகையாக்கினார். கட்டளையிடும் தலைவர் அறையைவிட்டு வெளியேறியதும் அவரது குழுவில் வேலை நின்றுபோனது. கலந்துபேசிய குழுவில் வேலை தொடர்ந்தது.

அதே ஆண்டுகளில் சிறுபான்மையினர் பற்றி எழுதிய கட்டுரைகளில் அவர் சொன்ன இரண்டு விடயங்கள் எமக்கு முக்கியமானவை. ஒன்று, ஒரு குழுவைக் குழுவாக்குவது அதன் உறுப்பினர் ஒரேமாதிரி இருப்பதல்ல. ஒருவரின் விதி மற்றவரின் விதியோடு பிணைந்திருப்பது. மொழி, மதம், வர்க்கம், கருத்து எல்லாவற்றிலும் வேறுபட்டவர்களும் ஒரு குழுவாக இருக்கலாம். வேறுபாட்டை அழித்துத்தான் ஒற்றுமை காணவேண்டும் என்பதற்கு இதில் இடமில்லை. மற்றையது, ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குப் பல தடவைகளில் தலைமை தாங்குவோர் அச்சமூகத்தின் விளிம்பில் நிற்பவர்கள். பெரும்பான்மையினரிடம் அங்கீகாரம் பெற்று, தம்மவரிடம் அரைமனதோடு இருப்பவர்கள். இதனை வாசித்தபோது சில முகங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது.

தொழிற்சாலைக்கு வருவோம். வேர்ஜீனியாவின் மேரியன் நகரில் ஹார்வூட் என்ற பிஜாமாத் தொழிற்சாலை இருந்தது. அதனை நடத்திய அல்பிரட் மரோ உளவியல் கற்றவர், லெவினின் நண்பர். வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் அங்கு உற்பத்தி விழுந்தது, பெண் தொழிலாளர் விலகினர். கோச், பிரெஞ்சு ஆகிய இருவரும் அங்கு செய்த பரிசோதனை 1948இல் வெளியானது. மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதமானோர் வேலையைவிட்டு விலகினர். கலந்துபேசி மாற்றத்தை வடிவமைத்த குழுக்களில் ஒருவரும் விலகவில்லை; உற்பத்தி முன்னரைவிடக் கூடியது. நிறுவனங்களுக்கு மாற்றத்தைக் கற்றுக்கொடுக்கும் தொழில் முழுவதும் இந்தப் புள்ளிவிபரத்தின்மேல் எழுந்தது என்றால் மிகையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாற்றத்தை எவ்வாறு செய்வது என்று அப்பெண்களிடம் கேட்கப்பட்டது. செய்வதா வேண்டாமா என்று கேட்கப்படவில்லை. அது ஏற்கனவே முடிவாகியிருந்தது. பின்னாளைய ஆலோசகர்களின் மோசடி என்று நாம் நினைப்பதன் வித்து தொடக்கத்திலேயே இருந்தது.

ஆயினும் 1946 கோடையில் நடந்தது வேறு மாதிரியானது. கனெக்டிகற் மாநிலத்தின் இனங்களுக்கிடையிலான ஆணைக்குழு, பாகுபாட்டை எதிர்த்து உள்ளூரில் வேலைசெய்பவர்களைப் பயிற்றுவிக்க லெவினின் உதவியை நாடியது. நியூ பிரிற்றனில் ஆசிரியர்களும் சமூகசேவையாளர்களுமாக ஏறத்தாழ 40 பேர் கூடினர். கறுப்பினத்தவரும் யூதரும் அவர்களுள் இருந்தனர். பகலில் குழு விவாதம். மாலையில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, யார் எப்படி நடந்துகொண்டார் என்று தம் அவதானிப்புகளைப் பேசுவார்கள். ஒருநாள் மாலை பங்குபற்றியவர்களில் சிலர் வந்து, நாமும் இருக்கலாமா என்று கேட்டனர். மற்ற ஆய்வாளர்கள் தயங்கினர். லெவின் இருக்கச் சொன்னார். ஒரு பெண்ணின் நடத்தையை அவதானிப்பாளர் விபரித்தபோது, அப்படி நடக்கவில்லை என்று அவர் மறுத்தார். விவாதம் சூடேறியது. தொடர்ந்த மாலைகளில் மற்றவர்களும் வரத் தொடங்கினர். பகற்பொழுதின் பாடங்களைவிட அந்த மாலைகளில் கற்றதே பெரிது என்பதை ஆய்வாளர்கள் தாமே உணர்ந்தனர்.

எனக்குத் தெரிந்த புகலிட அமைப்பொன்றின் செயற்குழு, பெண்கள் ஏன் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று ஒரு ஞாயிறு முழுவதும் ஆராய்ந்தது. அறையில் பதினொரு பேர் இருந்தோம். பதினொருவரும் ஆண்கள். தேநீர் கொண்டுவந்த தோழியிடம்கூட எவரும் கேட்கவில்லை.

1947 பெப்ரவரியில் லெவின் 56 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவ்வாண்டு வெளிவந்த நீண்ட கட்டுரையொன்றில், பழைய நிலையை இளக்குதல், நகர்த்துதல், மீண்டும் உறையவைத்தல் என்று சிறு பகுதியொன்றில் எழுதியிருந்தார். அவர் எழுதியவற்றில் முகாமைத்துவ வகுப்புகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அதைத்தான். படி ஒன்று, படி இரண்டு, படி மூன்று.

அதே கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெதல் என்ற ஊரில் அவரது சகாக்கள் கனெக்டிகற் அனுபவத்தை நிரந்தரப் பயிற்சியாக்கத் தொடங்கினர். வட்டமாகப் போட்ட கதிரைகள் அங்கிருந்துதான் கம்பனிகளுக்குள் பரவின. வட்டத்துக்குள் இருப்போர் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் உணர்வுகளே அங்கு பேசுபொருளாகின. கனெக்டிகற்றில் அந்த 40 பேரையும் கூட்டிய காரணம், அதாவது இனப் பாகுபாடு, நிகழ்ச்சிநிரலின் ஓரத்துக்குப் போயிருந்தது.